முதலில் நம் கை

கடைப் பையன்களுக்கு உபதேசம் செய்வதில் நமக்கு நிகர் நாமேதான். சங்கக் கூட்டத்தில் கேட்கவே வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாதக் கடைசியில் நம் கடை ரொக்கத்தில் 30 வெள்ளி குறைந்தது. கல்லாவில் நின்ற பையனை எல்லார் முன்னிலையிலும் அதட்டினோம். அவன் வாய் திறக்கவில்லை. இரவு கணக்கைப் புரட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. வெற்றிலைக்கும், டாக்சிக்கும், விருந்தாளியின் சாப்பாட்டுக்கும் கல்லாவில் கைவிட்டவர் நாமே! எழுதாமல் ஒரு காசும் எடுக்கக்கூடாதென்று அவனுக்குச் சட்டம் வைத்தவரும் நாமே. முதலாளியின் பணந்தானே என்று நியாயம் பேசலாம். பணம் நம்முடையதுதான், பழி அவனுடையதாயிற்றே.

மதரஸாவில் ஓதிய சரித்திரம் அன்றிரவுதான் உறைத்தது. ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஹிஜாஸில் கொடும் பஞ்சம். மக்களின் கஷ்டம் தீரும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டார்கள். பிறகு சந்தைக்கு நெய்யும் பாலும் வர, பணியாள் 40 திர்ஹம் கொடுத்து வாங்கி வந்தார். விலை அதிகமென்று சொல்லி, அதைத் தர்மம் செய்துவிடப் பணித்தார்கள். (விலைவாசி அறிந்த வியாபாரிகளுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.) மக்களைத் தொட்ட துன்பம் தம்மைத் தொடாவிட்டால் அவர்கள்மீது அக்கறை எப்படி வரும் என்பது அவர்கள் கேள்வி.

மறுநாள் காலை, அதே ஆட்கள் முன்னால் பையனிடம் நம் தவற்றைச் சொன்னோம். நாக்கு எளிதில் புரளவில்லை. இப்போது வெற்றிலைக் காசும் நம் பற்றில் ஏறுகிறது, எழுதுகிறவன் அவனே.