பாடலைக் காத்தலும் பாடுவோரைக் காத்தலும்: மங்கோலிய நெடும்பாடல் வழி ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மரபுக்கலைகளைக் காக்க வேண்டும் என்னும் கருத்தை இன்று மறுப்பார் இலர். ஆயின் காக்கப்பட வேண்டுவது எது, அதன் சுமையை ஏற்க வேண்டுவோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மங்கோலியப் புல்வெளி மக்களின் நெடும்பாடல் மரபைச் சான்றாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

நெடும்பாடலும் நிலமும்

மங்கோலியர் தம் நாட்டார் பாடல்களை 'ஊர்தீன் தூ' எனவும் 'போகின் தூ' எனவும் இருவகைப்படுத்துவர். முன்னது நெடும்பாடல், பின்னது குறும்பாடல். இங்கு நெடுமை என்பது அடிகளின் மிகுதியன்று. உயிரொலிகளின் நீட்டமே ஆகும். பத்துச் சொற்களே உடைய ஒரு பாடல் நான்கு நிமிட அளவிற்கு நீளக்கூடும். தாளக்கட்டின்றி, மூச்சின் அளவையே அளவாகக் கொண்டு இப்பாடல் இயங்குகிறது. குதிரைத்தலை வடிவம் செதுக்கிய, குதிரைமயிர் நரம்புகள் இரண்டு பூட்டிய 'மொரின் ஹூர்' என்னும் இசைக்கருவி இதற்குத் துணையாகிறது.

திருமணம், புதுமனை புகுதல், மகப்பேறு, குதிரைக்குட்டிகளுக்குக் குறியிடுதல், 'நாதாம்' திருவிழா ஆகியன நெடும்பாடல் ஒலிக்கும் சூழல்களாகும். தெய்வம், உணவு, தொழில் முதலியவற்றோடு யாழையும் நிலத்தின் கருப்பொருளாகத் தொல்காப்பியம் வைத்தெண்ணும். அந்நோக்கில் காணின், நெடும்பாடல் புல்வெளியின் கருப்பொருள் எனலாம். நிலமும் தொழிலும் மாறும்பொழுது பாடலும் மாறுதல் தவிர்க்க இயலாததாகிறது.

இழப்பின் காரணங்கள்

இருபதாம் நூற்றாண்டில் இம்மாற்றம் விரைந்து நிகழ்ந்தது. பொதுவுடைமை ஆட்சிக்காலத்தில் சமயச் சார்புடைய பாடற்பகுதிகள் மாற்றப்பட்டன. பாடல் கூடாரத்திலிருந்து அரங்கிற்குப் பெயர்ந்தது. 1990ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்திற்குப் பின்னர் நகர்நோக்கிய குடிபெயர்வு மிகுந்தது. 'சூத்' எனப்படும் கடுங்குளிர்காலப் பேரிடர் இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும். 2009-10ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மட்டும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மந்தையை இழந்தோர் பலர் தலைநகராகிய உலான்பாத்தரின் புறத்தே கூடாரம் அமைத்துத் தங்கினர். இன்று நாட்டின் மக்கட்டொகையில் ஏறத்தாழப் பாதி அந்நகரிலேயே வாழ்கிறது.

ஆவணமாக்கலும் அதன் எல்லையும்

மங்கோலியாவும் சீனாவும் இணைந்து முன்வைத்த வேண்டுகையின் பேரில், 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் நெடும்பாடலை மனிதகுலத்தின் தலைசிறந்த வாய்மொழி மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அது மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒலிப்பதிவும் பட்டியலும் தேவையானவையே. பாடியவர் மறைந்த பின்னும் அவர்தம் குரலிலிருந்து கற்பதற்கு ஒலிப்பதிவே வழி செய்கிறது.

எனினும் அதன் எல்லையை மற்றொரு வழக்கம் தெளிவுறுத்துகிறது. கோபிப் பகுதியில், ஈன்ற குட்டியை ஏற்க மறுக்கும் தாய் ஒட்டகத்தை இசையால் இணங்கச் செய்யும் சடங்கு உண்டு. தாயின் அருகே குட்டியை நிறுத்தி மெல்லிய குரலில் மீண்டும் மீண்டும் பாடுவர். மொரின் ஹூரோ குழலோ உடன் ஒலிக்கும். தாய் இளகிப் பாலூட்டத் தொடங்குவதே சடங்கின் நிறைவு. உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் 2015ஆம் ஆண்டு இது சேர்க்கப்பட்டது. இப்பாடலை எத்துணைத் துல்லியமாகப் பதிவு செய்யினும், பதிவில் எஞ்சுவது ஒலி மட்டுமே. பாடல் யாரை நோக்கி எழுந்ததோ அந்தத் தாயும், யார்பொருட்டு எழுந்ததோ அந்தக் குட்டியும் அதில் இல்லை.

இதனால் அரங்கையும் பதிவையும் போலி என ஒதுக்குதல் பொருந்தாது. துந்த்கோவி மாநிலத்தில் பிறந்த நொரோவ்பன்சாத் (1931-2002), 1957இல் மாஸ்கோவில் நிகழ்ந்த உலக இளைஞர் விழாவில் நெடும்பாடல் பாடிப் பொற்பதக்கம் பெற்றார். புல்வெளிக்கு அப்பாலும் இவ்விசை அறியப்பட்டதற்கு அவரது அரங்கப் பாடல்களே பெருங்காரணமாயின. அரங்கு பாடலை மாற்றியது. ஆயின் வாழவும் வைத்தது.

அறவியல் சிக்கல்

சூழலோடு கூடியதே பாடல் எனின், பாடலைக் காக்கச் சூழலையும் காக்க வேண்டும் என்பது பெறப்படும். அவ்வாறாயின், மேய்ப்பர் மேய்ப்பராகவே இருத்தல் வேண்டும் என மற்றையோர் எதிர்பார்க்கலாமா? கடுங்குளிரில் மந்தையை இழந்த ஒருவர், தம் மகளைத் தலைநகரில் படிக்க வைக்க விழைகிறார். அவ்விழைவைப் பண்பாட்டு இழப்பு என்று மட்டும் கணக்கிடுவோர், மனிதரைப் பாடலுக்குரிய கலமாகக் கருதும் பிழையைச் செய்கின்றனர்.

இதற்கு மறுதலையாக, விரும்புவோர் பாடட்டும், விரும்பாதோர் விடட்டும் என்று ஒதுங்குவதும் நேர்மையன்று. கற்பிப்பார் இல்லாத இடத்தில், கல்லாமை ஒருவரது விருப்பம் ஆகாது. மகள் பாடலைக் கேட்டு வளர்ந்து, பின்னர் வேண்டா என விடுவது அவளது உரிமை. கேட்கும் வாய்ப்பே இன்றி இழப்பது அவளுக்கு இழைக்கப்படும் குறைவு. இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் முடியினும் அறத்தால் வேறுபட்டவை.

மரபு என்பது முன்னோர் விட்டுச்சென்ற கொடை. பின்னோர் அடைக்க வேண்டிய கடனன்று. கொடையைப் பெறுவோர்க்கு அதனை மறுக்கும் உரிமை உண்டு. ஆயின் அக்கொடை அவர்தம் கைவரை சென்று சேர்தல் வேண்டும். அதனைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு, பாடல் வாழ வேண்டும் என விழையும் அரசு, கல்வி நிறுவனம், ஆய்வாளர் ஆகியோரைச் சார்ந்தது. மூத்த பாடகர்க்கு வாழ்வூதியம், நகர்ப்புறப் பள்ளிகளில் அவர்தம் பயிற்றுரை, மேய்ச்சல் வாழ்வைத் தொடர விழைவோர்க்குக் குளிர்காலத் தீவனம் ஆகியன இப்பொறுப்பின் கூறுகளாகும். 2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை, மரபு உயிர்ப்புடன் தொடர்தலை உறுதிசெய்வதே பாதுகாப்பு என வரையறுத்து, அடுத்த தலைமுறைக்குக் கையளித்தலையும் அதன் கூறாகக் கொள்வது ஈண்டு எண்ணத்தக்கது.

முடிவுரை

நெடும்பாடலைக் காத்தல் என்பது ஒலியைக் காத்தலோடு முடிவதன்று. ஒரு மக்களைப் பழைய வாழ்வில் நிறுத்திவைத்தலும் அன்று. பாடுவதோ பாடாதிருப்பதோ அடுத்த தலைமுறையின் உண்மையான தேர்வாக அமையும்படி செய்தலே காத்தலாகும். அத்தேர்விற்கான செலவை மேய்ப்பரின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டுப் பாடலின் அழகைப் போற்றுவது, போற்றுதலாகுமேயன்றிக் காத்தல் ஆகாது.