யாருடைய நுளம்பு?

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் வளவில் மூடாமல் விட்ட பீப்பா ஒன்றிலே பிறந்த நுளம்பு, வேலிக்கு அப்பால் பள்ளிக்கு வெளிக்கிட்டு நிற்கும் பிள்ளையைக் கடிக்கிறது. ஒரு கிழமையில் அந்தப் பிள்ளைக்கு டெங்கு. அது உங்கள் வளவு நுளம்பென்று உங்களுக்கும் தெரியாது, பிள்ளையின் தாய்க்கும் தெரியாது. எந்த நீதிமன்றமும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அப்படியானால் நீங்கள் அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்தீர்களா, இல்லையா?

இல்லை என்பதே நம்மிற் பலருடைய முதற் பதில். பொய், களவு, கோபம் என்று பாவசங்கீர்த்தனத்தில் வரிசையாகச் சொல்லத் தெரிந்த எமக்கு, "பீப்பாவை மூடாமல் விட்டேன் சுவாமி" என்று சொல்லத் தோன்றியதே இல்லை.

விடை காணுமுன் வைரசு எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்பது நன்று. டெங்கு வைரசு உண்ணாது, மூச்சு விடாது, தனித்துப் பெருகாது. பத்துப் புரதங்களைச் செய்வதற்கான கட்டளையைத் தாங்கிய ஒரு நூலிழை, அதைச் சுற்றி ஓர் உறை, அவ்வளவுதான். அது எமது உடற்கலத்தின் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. மேலே ஒட்டிய வைரசைக் கலமே ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே வந்ததைச் சிதைப்பதற்காக அந்தப் பையில் அமிலம் கூடுகிறது. அந்த அமிலமே வைரசின் உறை உருமாறிப் பையின் சுவரோடு இணைந்து வழி திறக்கவும் உதவிவிடுகிறது. பிறகு கலம் அந்த நூலிழையைத் தன் சொந்தக் கட்டளையென்று எண்ணி வாசிக்கத் தொடங்குகிறது. கள்வனுக்குச் சோறும் போட்டுத் திறப்பையும் கொடுத்த கதை. இதிலே வைரசுக்குப் பகையும் இல்லை, நினைப்பும் இல்லை. நன்மை தீமை என்ற கேள்வி முழுவதும் எமது பக்கத்திலேயே மிஞ்சுகிறது.

நுளம்பு பெரும்பாலும் நோயோடு பிறப்பதில்லை. வைரசு உள்ள மனிதரைக் கடித்துப் பெற்று, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களின் பின்பே அடுத்தவருக்குக் கொடுக்கிறது. அது சில நூறு மீற்றருக்கு மேல் பறப்பதும் அரிது. அப்படியிருக்க, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு வரையுள்ள ஒரு மணி நேரக் கடலை வைரசு எப்படிக் கடக்கிறது? படகில் எம்மைப் போல் ஆசனத்தில் இருந்து வருகிறது. காய்ச்சல் தொடங்க இரண்டு நாள் முன்னரே ஒருவரிடமிருந்து நுளம்புக்குத் தொற்றலாம். டெங்கு தொற்றியவர்களில் மிகப் பலருக்கு நோய்க்குறியே தெரிவதில்லை. அத்தகையோரிடமிருந்தும் நுளம்புக்குத் தொற்றும் என்று கம்போடியாவில் நடந்த ஆய்வொன்று 2015இல் காட்டியது. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்து, பேரப்பிள்ளைகளோடு சிரித்துப் பேசிவிட்டுப் போன பெரியவரே கொண்டுவந்திருக்கலாம், அவரும் அறியார்.

இவ்வைரசைக் கொல்லும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பரசிற்றமோல், நீராகாரம், கவனிப்பு, தேவையானால் வைத்தியசாலையில் அளந்து ஏற்றும் சேலைன் என்பவையே சிகிச்சை. அஸ்பிரின், ஐபுபுரோபன் இரத்தப்பெருக்கைக் கூட்டும், கொடுக்கலாகாது. கவனிப்பு என்பதைச் சிறிதாக எண்ண வேண்டாம். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். இறந்தவர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. கட்டிலருகே நின்று மணிக்கு மணி அளந்து பார்த்த தாதியரும் வைத்தியரும் செய்த வேலை அது.

ஆனால் தீவிலே? டெங்குவில் ஆபத்தான வேளை, காய்ச்சல் கொதிக்கும் வேளையன்று. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது இறங்கும் வேளை. அப்பொழுதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டிட்டுது" என்று ஆறுதலடையும் அதே பொழுது. கடும் வயிற்றுநோ, ஓயாத சத்தி, இரத்தக் கசிவு, தளர்ச்சி, சலம் குறைதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைப் படகுக்கு என்று இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுவது மாரியோடு, கார்த்திகை முதல் தை வரை. கடல் பொல்லாததாகும் மாதங்களும் அவைதாம். ஊர்காவற்றுறையாருக்குத் தெரு உண்டு. நயினாதீவாருக்கும் நெடுந்தீவாருக்கும் கடல்தான் தெரு. நகரத்துப் பிள்ளைக்கும் தீவுப் பிள்ளைக்கும் கடி ஒன்றே. வைத்தியசாலைக்குப் போகும் வழி ஒன்றல்ல.

அப்படியென்றால் பீப்பா வைத்திருந்தவள் குற்றவாளியா? அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. தீவகத்துக் கிணறுகள் பல உவர். நல்ல தண்ணீர் குடத்திலும் பவுசரிலும் வந்து வீடு சேர்கிறது. அதைச் சேர்த்து வைக்காமல் ஒரு குடும்பப்பெண் எப்படிச் சமைப்பாள்? தண்ணீரைத் தேக்கி வைக்காதீர் என்று துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர், குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் ஊரில் இருக்கிறார் போலும்! அவளைக் குற்றம் சாட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. பவுசர் வருமுன் அடித்தண்ணீரோடு பீப்பாவின் உட்சுவரை உரஞ்சிக் கழுவி, பிறகு துணியால் இறுக மூடிக் கட்டுவது அவளால் இயலும். வெறுமனே ஊற்றிவிட்டால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.

உவர்க் கிணற்றைப் பற்றி நாம் கவலைப்பட்டதே இல்லை. டெங்கு நுளம்பு நன்னீரிலேயே பெருகும் என்றுதான் படித்திருந்தோம். ரஞ்சன் இராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் நோபிள் சுரேந்திரன் முதலானோர் எமது கரையோரங்களில் தேடிப் பார்த்து, 2011இல் வேறு கதை சொன்னார்கள். கைவிட்ட மீன்பிடி வள்ளம், எறிந்த போத்தல், பாவிக்காத கிணறு ஆகியவற்றின் உவர்நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்ந்தன. ஆயிரத்துக்கு 15 பங்கு உப்பு வரை, அதாவது கடல்நீரின் உப்பில் பாதிக்குக் கிட்ட, அவை தாங்கின. அதுவரை அறியாமை என்ற நியாயம் எமக்கு இருந்தது. வெல்ல முடியாத அறியாமையால் செய்தது பாவமாகாது என்று மறையொழுக்க நூல்கள் கூறுவது மெய். ஆனால் இதை வாசித்தபின் உங்களுக்கு அந்த நியாயமும் போயிற்று. அதற்காக என்னைக் கோபிக்க வேண்டாம்.

மருந்து வரட்டும், எல்லாம் தீரும் என்பாரும் உளர். கலத்தினுள் வைரசு தன்னைப் பிரதிசெய்யத் தேவையான இரண்டு புரதங்கள் சேர்வதைத் தடுக்கும் குளிசை ஒன்றை ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி ஆக்கியிருந்தது. அமெரிக்காவில் நல்ல சுகத்தோடிருந்த சிலர் தாமாக முன்வந்து அதை உட்கொண்டு, பலவீனமாக்கிய டெங்கு வைரசையும் தமது உடலில் ஏற்றிக்கொண்டனர். கூடிய அளவு எடுத்த பத்துப் பேரில் அறுவரின் இரத்தத்தில் வைரசு தென்படவே இல்லை என 2023இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த கட்டச் சோதனையைக் கம்பனி 2024 ஒக்டோபரில் நிறுத்திவிட்டது. குளிசையில் ஆபத்துக் கண்டு அல்ல, தொற்றுநோய் ஆராய்ச்சியில் தனது முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டதால். கணக்கேட்டின்படி அது சரியாயிருக்கலாம். நெடுந்தீவு இறங்குதுறையில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயை அந்தக் கணக்கேடு அறியாது. ஊசி ஏற்றிக்கொண்ட அந்த அமெரிக்கருக்குந்தான் அவளைத் தெரியாது. முகம் தெரியாத ஒருத்திக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்விக்கு இரு தரப்பாரும் இரு பதில் சொன்னார்கள். பீப்பாவின் முன் நிற்கும் எமக்கும் அதே கேள்விதான்.

இன்னும் ஒன்று. 1990, 1991இல் தீவகத்தை விட்டுப் போனவர்களிற் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய வளவுகளில் பாழ்கிணறுகள் கிடக்கின்றன. உரித்தாளர் கனடாவில், இலண்டனில். அந்தக் கிணற்று நுளம்பு யாருடையது? பிறர் காணிக்குள் கால் வைத்தால் வழக்காகும் என்று அயலார் அஞ்சுகின்றனர். கிணற்றுக்கு மேல் வலை கட்டவும், சிறிது உவர்ப்பையும் தாங்கும் கப்பி மீன் நாலைந்தை விடவும் அரை நாள் போதும். உரித்தாளரின் தொலைபேசி எண் ஊரில் யாரிடமாவது இருக்கும். எடுத்துக் கேட்டுப் பாருங்கள். "இதுக்கேன் கேக்கிறியள், கட்டி விடுங்கோ" என்ற பதிலே பெரும்பாலும் வரும்.