யாருடைய தண்ணீர்?



மழைக்காக நாம் பலமுறை உபவாசித்து ஜெபித்திருக்கிறோம். கர்த்தர் பதிலும் தந்திருக்கிறார். ஆனால் மழை வருகிற வரைக்கும், கையில் இருக்கிற கொஞ்சத் தண்ணீர் யாருக்கு என்று நாம் எப்போதாவது ஜெபத்தில் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. கேட்காததினால் வந்த ஒரு வெட்கத்தை உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசாங்கம் அறிவித்தது. நம்முடைய சபையின் பழைய போரிலும் காற்றுதான் வந்தது. விசுவாசிகள் தியாகமாய்க் கொடுத்த காணிக்கையில் 160 அடிக்குப் புதிய போர் போட்டோம். நல்ல தண்ணீர் பீறிட்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொன்னேன். சபையே கைதட்டி ஆர்ப்பரித்தது.

மூன்றாம் வாரம், பக்கத்து வீட்டு ஆயா வெறுங்குடத்தோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் நம்முடைய சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. "ஐயா, முப்பது வருசமா அடிச்ச பம்பு. நீங்க மோட்டார் போட்டதுலேருந்து தண்ணி ஏற மாட்டேங்குது"ன்னு சொன்னாங்க. சண்டைக்கு வரவில்லை. திட்டவில்லை. சொன்னார்கள், அவ்வளவுதான்.

அவர்களுடைய அடிபம்பு 60 அடி. பூமிக்கு அடியில் காம்பவுண்டு சுவர் கிடையாது, பிரியமானவர்களே. ஆழத்திலிருந்து மோட்டார் இழுக்க இழுக்க, சுற்றிலும் நீர்மட்டம் இறங்குகிறது. மேலே நிற்கிற சின்ன பம்புதான் முதலில் வற்றும். நான் எதைக் காட்டி அல்லேலூயா சொன்னேனோ, அதில் ஒரு பங்கு ஆயாவுடைய தண்ணீர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது நம்முடைய தெருக் கதை மட்டுமல்ல. நம் ஊர்க் கதையும் இதுதான். சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியில் 1,465 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாய் வருகிற தண்ணீர் அது. 44,856 ஏக்கர் பாசனம் இந்த ஏரியை நம்பி இருக்கிறது. 2004 முதல் இதே ஏரித் தண்ணீர் நம் சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்குப் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீரும் சென்னைக்குப் போயிருக்கிறது. சுரங்கத்துக்காகவும் அங்கே பூமிக்கடித் தண்ணீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நம்முடைய சபையிலேயே இரண்டு வீடுகள். ஒரு சகோதரர் சொன்னார்: "பாஸ்டர், என் சம்பா கருகுது. குழாய் என் வயல் ஓரமாத்தான் போவுது. நான் என்ன ஜெபம் பண்றது?" அதே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தாயாரின் மகள் சென்னையில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். லாரித் தண்ணீருக்கு நடுராத்திரியில் கைக்குழந்தையோடு நிற்கிறவள். அந்தத் தாயார், "ஏரியில தண்ணி இருக்கணும், எம்பொண்ணுக்குப் போய்ச் சேரணும்"னு அழுது ஜெபிக்கிறாங்க. இரண்டு பேரும் ஒரே கர்த்தரிடத்தில் ஒரே தண்ணீரைக் கேட்கிறார்கள். யாருக்கு ஆமென் சொல்வது?

காவிரி வழக்கைப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைத்த தண்ணீரில் 4.75 டி.எம்.சி. பெங்களூரு நகரத்தின் குடிநீர்த் தேவைக்காக. நமக்குக் கோபம் வந்தது. ஆனால் மேலே பெங்களூருவைப் பார்த்து "எங்கள் பயிருக்கு வேண்டாமா?" என்கிற நாமே, கீழே சென்னையில் போய்க் குடியேறினால் "குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?" என்கிறோம். நிற்கிற இடம் மாறினால் நியாயமும் மாறிவிடுகிறதே! அப்படி மாறுகிறது நியாயம் அல்ல, ஆதாயம்.

அப்படியானால் தேவனுடைய ஒழுங்கு என்ன? எலியாவின் நாட்களில் வந்த பஞ்சத்தைப் படியுங்கள் (1 இராஜாக்கள் 18). ராஜாவாகிய ஆகாப் நீரூற்றுகளிலும் ஆறுகளிலும் புல் தேடிப் புறப்பட்டான். எதற்கு? ஜனங்களுக்கு அல்ல, தன் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சாகாமல் இருக்க. அதே அரமனையில் வேலை செய்த ஒபதியாவோ நூறு பேரைக் கெபிகளில் ஒளித்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினான். பஞ்சம் ஒன்று, வரிசை இரண்டு. மனுஷனுடைய தாகம் முதலில் வர வேண்டும். இதில் சந்தேகமே இல்லை. அந்தக் கைக்குழந்தைக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல எந்த விவசாயிக்கும் மனம் வராது. நம்முடைய சகோதரரும் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள். தாகம் என்ற பெயரில் வருகிறதெல்லாம் தாகமா? கார் கழுவுவதும், புல்தரைக்குப் பாய்ச்சுவதும், உடைந்த குழாயில் ரோட்டில் ஓடுவதும் தாகமா? தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரம் 2018-ல் தண்ணீர் தீரும் நிலைக்கு வந்தபோது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். முதலில் தன் வாயைக் கட்டிவிட்டு, பிறகு அடுத்தவனிடம் கேட்பதுதான் முறை.

தாவீதின் காரியம் இதைவிட ஆழமானது (2 சாமுவேல் 23). பெத்லகேமின் ஒலிமுகவாசல் கிணற்றுத் தண்ணீர்மேல் அவனுக்கு ஆசை வந்தது. மூன்று பேர் பெலிஸ்தரின் பாளயத்தில் துணிந்து புகுந்து மொண்டுவந்தார்கள். தாவீது குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்த மனிதரின் இரத்தத்தை அந்தத் தண்ணீரில் கண்டான், கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான்.

அப்படியென்றால் சென்னைக்காரர் குடத்தைக் கவிழ்க்க வேண்டுமா? இல்லை. தாவீதுக்கு இருந்தது ஆவல்; அந்த மகளுக்கு இருப்பது தாகம். தாகமுள்ளவள் நன்றியோடு குடிக்கட்டும். ஆனால் இந்தத் தண்ணீர் வந்ததினால் யாருக்கோ ஒரு போகம் போயிற்று என்பதைத் தாவீதைப்போல அறிந்து குடிக்க வேண்டும். அறிந்தவன் வீணாக்க மாட்டான். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. தன் கூரையில் விழுகிற தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, அடுத்தவன் ஏரிக்குக் குழாய் போடுவது நியாயமாகாது. தண்ணீர் கொடுத்ததினால் நடவை இழந்தவனுக்கு நஷ்டத்தை ஈடுசெய்வது தர்மம் அல்ல, கடன்.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, ஜூலை முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வேலூர் மாவட்டத்தில் எதிர்ப்பும் எழுந்தது. அது கல்நெஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. தானே தாகத்தில் இருக்கிறவனின் பயம் அது.

இங்கே போதகர்களாகிய நாங்கள் ஒரு தவறு செய்கிறோம். ஈசாக்கு ஏசேக்கையும் சித்னாவையும் விட்டுக்கொடுத்து ரெகொபோத்துக்குப் போனான் (ஆதியாகமம் 26) என்று சொல்லி, "விட்டுக்கொடுங்கள்" என்று பிரசங்கிக்கிறோம். நல்ல பிரசங்கம்தான். ஆனால் யாருக்கு? ஈசாக்குக்கு வேலைக்காரர் இருந்தார்கள், வேறு இடத்தில் தோண்ட பலம் இருந்தது. ஒன்றரை ஏக்கர்காரனுக்கு ரெகொபோத் எங்கே? விட்டுக்கொடுத்தல் பலமுள்ளவனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. 160 அடி போர் வைத்திருக்கிற நான், பம்பு வற்றிப்போன ஆயாவிடம் பொறுமையைப் பற்றிப் பேசக்கூடாது. அந்தச் செய்தி எனக்குத்தான்.

ஆரான் தேசத்துக் கிணற்றின்மேல் ஒரு பெரிய கல் இருந்தது (ஆதியாகமம் 29). எல்லா மந்தைகளும் வந்து சேர்ந்த பிறகு கல்லைப் புரட்டுவதே அவ்விடத்து வழக்கம். முந்தி வந்தவன் மொண்டு தீர்த்துவிடாதபடிக்கு எல்லாருக்கும் காத்திருந்தார்கள். நம்முடைய மோட்டாருக்கு அப்படி ஒரு கல் இல்லையே என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு என் சாட்சியைச் சபைக்கு முன்பாகத் திருத்திச் சொன்னேன். மோட்டார் ஓடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தோம். காம்பவுண்டுக்கு வெளியே தெருவைப் பார்த்து ஒரு குழாய் வைத்தோம். ஆராதனை மண்டபத்துக் கூரைத் தண்ணீர் இறங்க ஒரு குழி வெட்டினோம். "கரண்ட் பில் யார் கட்றது, பாஸ்டர்?"னு சிலர் முறுமுறுத்தார்கள். தப்பில்லை, அதுவும் ஏழைகளின் காணிக்கைப் பணம்தான். ஆனால் ஆயாவின் பம்பும் ஏழையின் பம்புதானே?

அந்த அடிபம்பில் மறுபடி தண்ணீர் ஏறவேயில்லை. மழை வந்த வருஷங்களிலும் ஏறவில்லை. அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆயா காலையில் நம் குழாயில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் நான் மன்னிப்புக் கேட்டபோது, "தண்ணி குடுக்கறீங்க, நல்லாயிருங்க. ஆனா என் பம்புன்னா ராத்திரிலயும் அடிச்சுக்குவேன்"ன்னாங்க. வாங்கிக் குடிப்பதும் சொந்தத்தில் குடிப்பதும் ஒன்றல்ல என்று எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாய்ப் போதித்ததில்லை.

பிரியமானவர்களே! அடுத்த வறட்சி வரும். அன்று உங்களுக்குத் தண்ணீர் கிடைத்தால் துதியுங்கள், சாட்சி சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்பு வெளியே போய், பக்கத்து வீட்டுப் பம்பை ஒருமுறை அடித்துப் பாருங்கள். அங்கேயும் தண்ணீர் வந்தால் உங்கள் சாட்சி நிறைவான சாட்சி. வராவிட்டால், முதலில் உங்கள் குழாயைத் தெருப்பக்கம் திருப்புங்கள். சாட்சியைப் பிறகு சொல்லலாம்.

கர்த்தர்தாமே நம் தேசத்தில் மழையையும், நம் இருதயத்தில் நியாயத்தையும் பெய்யப்பண்ணுவாராக. ஆமென்.