ஐந்து பெயர்களும் மணிக்கணக்கும்

டிசம்பர் வந்தால் நான் இரண்டு பட்டியல்கள் எழுதுவேன். ஒன்று மளிகை. இன்னொன்று, அந்த ஆண்டில் வந்த வீடியோ கேம்களில் எனக்குப் பிடித்த ஐந்து. கேம் விளையாடும் தோழிகள் ஒன்பது பேர் எங்களுக்குள் நடத்திக்கொள்ளும் சின்ன விருது இது. கேடயம் கிடையாது, மேடை கிடையாது. ஆளுக்கு ஐந்து பரிந்துரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி காரணம், அவ்வளவுதான். மளிகைப் பட்டியல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 2023இல் மற்றதற்கு ஒரு வாரம் ஆனது.

இரண்டு கேம்கள்தான் காரணம். ஒன்று, ‘பால்டர்ஸ் கேட் 3’. ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது அதுதான். கதையை முடிக்க எழுபது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நான் விளையாடியது பதினொரு மணி நேரம். அதுவும் குக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரவு பத்தரைக்கு மேல் கிடைத்த அரைமணி, முக்கால்மணித் துண்டுகளாக. இன்னொன்று ‘வெண்பா’. டொரண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. ஒரே மாலையில் முடித்தேன். முடித்ததும் அழுதேன்.

எது பிடித்தது என்று கேட்டால் பதில் சுலபம். எது சிறந்தது என்று கேட்டால்தான் நாக்கு தடுமாறுகிறது. “நீ பாதிகூட விளையாடலையே, அப்புறம் எப்படிச் சொல்லுவ?” என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: முழுவதும் விளையாட யாரால் முடிகிறது?

ரசனைக்கு அளவுகோல் உண்டா என்று டேவிட் ஹ்யூம் 1757இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல நடுவருக்கு நுண்ணுணர்வு வேண்டும், பயிற்சி வேண்டும், பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், முன்முடிவு இருக்கக் கூடாது என்றார். எனக்கு இதில் மறுப்பு இல்லை. ஆனால், பயிற்சிக்கும் ஒப்பீட்டுக்கும் நேரம் வேண்டுமே. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். வித்தியாசம் 202 நிமிடங்கள். அந்த நேரம் என் கையில் இருந்திருந்தால் மூன்றே வாரத்தில் பால்டர்ஸ் கேட்டை முடித்திருப்பேன்.

ஆகவே, ‘சிறந்த கேம்’ என்ற பட்டம் கேமைப் பற்றி மட்டும் பேசவில்லை. நடுவரின் வீட்டில் யார் சமைத்தார்கள் என்பதையும் சேர்த்தே பேசுகிறது. நீளத்தை ஆழம் என்றும் குறுமையைச் சிறுமை என்றும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்தும் வருகிறது.

அதற்காக, ‘எல்லாம் அவரவர் ரசனை’ என்று கையை உதறிவிட முடியுமா? முடியாது. எனக்குப் பாகற்காய் பிடிக்கும் என்றால் நீங்கள் தலையாட்டிவிட்டுப் போகலாம். இந்த கேம் நன்றாக இருக்கிறது என்றால், நீங்களும் அப்படி உணர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். இந்த வேறுபாட்டைக் கான்ட் 1790இல் விளக்கினார். அப்படிக் கேட்கும் உரிமையைப் பெண்களுக்கு யாரும் சும்மா தந்துவிடவில்லை. கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பேசிய அனிதா சர்கீசியன், 2014இல் கொலை மிரட்டல்களால் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இவ்வளவு விலை கொடுத்து வந்த உரிமையை ‘சும்மா எனக்குப் பிடிச்சது’ என்று நாமே சுருக்கிக்கொள்ளலாமா?

சரி, வெண்பாவுக்கு வருவோம். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து வெண்பா சமைக்க வேண்டும். அவளுக்காக நாம் இட்லி அவிக்கிறோம், புட்டுக் குழாயை நிரப்புகிறோம். பின்னால் அந்தக் குறிப்பேடு மகன் கைக்கு வருகிறது. அதன் தமிழை வாசிக்க அவன் திணறுகிறான்.

நான் அழுதது எதற்காக? என் மொழி திரையில் வந்ததற்காகவா, கேம் நன்றாக இருந்ததற்காகவா? இதைப் பிரித்துப் பார்க்காமல் பெயரை எழுதினால் அது என் ஆளுக்குப் போடும் ஓட்டு. இன்னொரு உறுத்தலும் இருந்தது. அம்மாவின் அன்பை மறுபடியும் அடுப்படியில்தான் தேட வேண்டுமா? பகல் முழுக்கச் செய்த வேலையை ராத்திரி விளையாட்டாகவும் செய்ய வேண்டுமா?

இரண்டாவது முறை விளையாடினேன். அதற்கும் ஒரு மாலை போதுமாக இருந்தது! அப்போது ஒன்று புரிந்தது. இந்த கேமில் சமையல் ஒரு புதிர். எதை முதலில் போடுவது, எதன்மேல் எதை அடுக்குவது என்று யோசிக்காமல் ஒரு கரண்டிகூட நகராது. வழக்கமாக ‘கைப்பக்குவம்’ என்று சொல்லி மூளையிலிருந்து பிரித்துவிடும் ஒன்றை, இது யோசனை என்று விளையாடுபவரின் விரல்களுக்கே உணர்த்துகிறது. கனடாக்காரருக்கும் அது உணர்த்தும். என் தமிழ்ப் பாசம் இல்லாமலும் நிற்கக்கூடிய காரணம் இது. உறுத்தலும் அப்படியே இருந்தது: வெண்பாவை அடுப்படிக்கு வெளியே நாம் அதிகம் சந்திப்பதில்லை.

அதே விழாவில் வெண்பா இரண்டு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. ஒன்று சிறந்த அறிமுக சுயாதீன கேம். இன்னொன்று, சமூகக் கருத்துள்ள கேம்களுக்கான தனிப் பிரிவு. அந்தத் தனிப் பிரிவைக் கண்டால் புத்தகக் கடையின் ‘பெண் எழுத்து’ அலமாரி நினைவுக்கு வருகிறது. அலமாரி இருப்பதால்தான் சில புத்தகங்கள் கண்ணில் படுகின்றன, உண்மைதான். ஆனால், ‘இலக்கியம்’ என்ற அலமாரியில் தேடுபவர் இந்தப் பக்கம் வருவதே இல்லை. எங்கள் விருதில் பிரிவுகளே வேண்டாம் என்று முடிவெடுத்தது இதனால்தான்.

கடைசியில் இரண்டு பெயர்களையும் எழுதினேன். பக்கத்தில் மணிக்கணக்கையும் எழுதினேன். ‘பால்டர்ஸ் கேட் 3: பதினொரு மணி நேரம், முடிக்கவில்லை. இதுவரை பார்த்ததில், நான் எடுத்த முடிவுகளை இவ்வளவு மதித்த கேம் வேறில்லை.’ ‘வெண்பா: இரண்டு மாலைகள், இரண்டு முறை முடித்தேன்.’ அதன் கீழே காரணமும் உறுத்தலும். தீர்ப்பு சொல்பவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறார். சாட்சி சொல்பவர் எங்கே நின்று பார்த்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பரிந்துரை என்பது சாட்சி என்றே எனக்குப் படுகிறது.

அடுத்த டிசம்பரில் ஒன்பது பேரும் மணிக்கணக்கு எழுதினோம். ஒருத்தி இருநூறு மணி நேரம் என்று எழுதியிருந்தாள். அந்த ஆண்டு குழந்தை பெற்றவள் ஒரே ஒரு பெயர்தான் அனுப்பினாள். பக்கத்தில், ‘நாலு மணி நேரம், போனில், பால் கொடுக்கும்போது’ என்றிருந்தது. இதை எப்படி எண்ணுவது என்று சிறிது நேரம் பேசினோம். அவள் எழுதிய காரணத்தைச் சத்தமாக வாசித்தோம். பிறகு, முழு ஓட்டாகவே எண்ணினோம்.