விளையாட்டுக்குப் பயன் வேண்டுமா?

தனக்கு வெளியே எந்தப் பயனையும் நாடாத விளையாட்டு, கடவுளை எண்ணி வாழ்பவர்க்குத் தகுமா, அல்லது அது உடல்நலம், கல்வி, ஒழுக்கம் என்று வேறொன்றின் பெயரால் இசைவு பெற்றே நடக்கவேண்டுமா என்னும் வினா, சமய நூல்கள் பலவற்றில் வெவ்வேறு வடிவங்களில் எழுந்துள்ளது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அருகே, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் திருப்புறம் போன்ற ஊர்களில், இவ்வினா ஆண்டுதோறும் மேட மாதத்தில், அதாவது தமிழ்நாட்டார் சித்திரை என்று சொல்லும் இளவேனில் தொடக்கத்தில், நடைமுறையிலேயே எழுகிறது. பள்ளிகள் அடைத்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாழ்ந்தபின் கோயிலை ஒட்டிய வெளியிலும் தேவாலய மைதானத்திலும் சிறுவர் கூடுகின்றனர். திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்லப்படுவோர், 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தைச் சூழ்ந்த பூங்காவில் ஓடித் திரிகின்றனர். இருட்டும்வரை ஆடிவிட்டு வரும் பிள்ளையிடம் ‘இதனால் என்ன கிடைத்தது?’ என்று கேட்கும் பெரியவர், தாம் அறியாமலேயே ஒரு பழைய தத்துவ வழக்கில் ஒரு தரப்பை எடுத்துக்கொள்கிறார்.

தமிழ் மரபின் முதல் விடை விளையாட்டுக்குச் சார்பானது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் முறைகளை ஆராயுமிடத்து, உவகை பிறக்கும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினைக் கூறி, அவ்வுவகையை அல்லல் நீங்கியது என்றும் சிறப்பிக்கிறது. பிற மூன்றனுள் எதற்கும் விளையாட்டு கருவியாக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. துறவை உயர்த்திப் பேசும் மணிமேகலைக் காப்பியம்கூடப் புகார் நகரத்துச் சோலைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுகிறது: அரசனைச் சார்ந்தோர் ஆடும் இலவந்திகை, தேவர்க்குரியதாகக் கருதப்பட்ட உய்யானம், புத்தரின் பாதபீடிகை அமைந்த உவவனம் எனப் பூங்காக்கள் பல. இருபத்தெட்டு நாள் நடைபெறும் இந்திர விழாக் காலத்தில் மலர் பறிக்கச் சென்ற காப்பியத் தலைவி மணிமேகலையின் வாழ்வு, அத்தகைய சோலை ஒன்றிலிருந்தே துறவு வழிக்குத் திரும்புகிறது. நகரப் பூங்கா என்பது கேளிக்கைக்கும் வழிபாட்டுக்கும் இடையே முள்வேலி இடாத இடமாக அங்கே அமைந்திருந்தது.

வேதாந்தம் இவ்வினாவை மனிதனிடமிருந்து எடுத்து இறைவனிடமே வைத்தது. எவ்விதக் குறையும் இல்லாத முழுமுதல் எதற்காக உலகைப் படைக்கவேண்டும், நோக்கம் இருந்தால் குறையும் இருந்ததாகாதா என்னும் தடையைப் பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் எழுப்பி, படைப்பு வெறும் லீலை, அதாவது நிறைவிலிருந்து தானே பொங்கும் விளையாட்டு, என்று விடையிறுக்கிறது. அதற்கு உரை கண்ட சங்கரர், விருப்பங்கள் யாவும் நிறைவேறிய அரசன் பொழுதுபோக்காக ஆடுவதையும், மூச்சு புறநோக்கமின்றி இயல்பாக வந்து போவதையும் சான்றாகக் காட்ட, இராமானுசர் உலகாளும் வேந்தன் பந்தாடுவதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். படைப்பின் புதிரை விளக்க முற்பட்ட பேரறிஞர் கையில் பந்தைத் தவிர வேறு பொருத்தமான பொருள் அகப்படவில்லை என்பது, விளையாடும் சிறுவர்க்குச் சிறு பெருமையன்று.

ஆயினும் அவ்விடத்திலேயே சூத்திரம் நின்றுவிடவில்லை. அடுத்த சூத்திரம், இவ்வாறு விளையாடும் இறைவன் சிலரை உயர்த்திச் சிலரைத் தாழ்த்துவதால் பாரபட்சமும் கொடுமையும் உடையவன் ஆகானா என்று கேட்டு, உயிர்களின் வினைக்கு ஏற்பவே அனைத்தும் அமைகின்றன என்று அமைதி கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார் இன்னும் எச்சரிக்கையுடையவர்; படைத்தல், காத்தல் முதலிய தொழில்களை முதல்வனின் விளையாட்டு என்று சொல்வதும் பொருந்தும் என ஒப்புக்கொண்டு, உடனே அவை உயிர்களின் மலத்தை, அதாவது அறிவை மறைக்கும் கட்டினை, நீக்கும் அருளின்பாற்பட்டவை என்று சேர்க்கிறார். வினைக்கொள்கை அந்தத் தடையை முழுதும் தீர்க்கிறதா என்பதில் ஐயத்துக்கு இடமுண்டு. ஆனால் பயனின்மையைப் போற்றிய மூச்சிலேயே நடுநிலைமை பற்றிய கேள்வியும் எழுந்தாகவேண்டும் என்று அம்மரபு உணர்ந்திருந்தது, விடையைக் காட்டிலும் மதிப்புடையது.

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியின் கிறித்தவ மரபு வேறொரு வரலாற்றைச் சுமந்து வந்தது. இங்கிலாந்தில் 1618-இல் அரசர் முதலாம் ஜேம்ஸ், ஞாயிறு வழிபாட்டுக்குப் பின்னர் நடனம், வில்வித்தை, தாண்டுதல், மே மாத ஆட்டங்கள் ஆகியவற்றை அனுமதித்து அறிக்கை வெளியிட்டபோது, ஓய்வுநாளைக் கண்டிப்புடன் காத்த தூய்மைவாதிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1643-இல் அவ்வறிக்கையை எரிக்குமாறு நாடாளுமன்றமே ஆணையிட்டது. அந்த மனப்பாங்கின் வழிவந்த திருச்சபையினர் பெரும்பங்கு வகித்த இலண்டன் மிஷன் சங்கமே பாறசாலை உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் ஊர்களில் பணியாற்றியது. எனினும் விவிலியத்தில் சகரியாவின் நூல், மீண்டெழும் எருசலேமின் அடையாளமாக, முதியோர் வீதிகளில் அமர்ந்திருப்பதையும் அவ்வீதிகள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருப்பதையும் காட்டுகிறது. கோடை விடுமுறையில் தேவாலயங்கள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி இவ்விரு போக்குக்கும் இடைப்பட்டது. அங்கே விளையாட்டு உண்டு, ஆனால் ஒரு பாடத்தின் துணையாக.

அந்தத் துணைநிலையே இன்று பொதுவிதியாகிவிட்டது. விளையாடினால் கவனம் கூடும், மதிப்பெண் உயரும், கைப்பேசிப் பழக்கம் குறையும் என்று பரிந்துரைப்போர் விளையாட்டுக்கு நன்மை செய்வதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் தூய்மைவாதியின் கேள்வியை ஏற்றுக்கொண்டு விடையை மட்டும் மாற்றுகின்றனர். கிளித்தட்டு ஆட்டத்தில், மண்ணில் கீறிய கோடுகளைக் காவலர் கையில் படாமல் கடந்தவர் ‘உப்பு’ ஆகிறார். அந்த உப்புக்குக் கோடுகளுக்கு வெளியே எவ்வித விலையும் இல்லை, அதனாலேயே அதற்காக ஓடுபவர் முழு மனத்தோடு ஓட முடிகிறது. கூலியை நோக்காத செயலைப் பற்றிப் பெரியோர் ஆண்டுக்கணக்கில் கற்பதை, ஏழு வயதுப் பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடுகிறது.

நடுநிலைமை பற்றிய இரண்டாம் கேள்வி இம்மண்ணில் கோட்பாட்டளவில் நிற்கவில்லை. நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கம் நிறுவிய சீர்திருத்தத் துறவி நாராயண குரு, அவ்விடத்தைச் சாதி வேறுபாடும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறப்புகளாய் வாழும் இடம் என்று அறிவித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1893-இல், வெங்ஙானூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி வில்வண்டியில் பொதுவழியே சென்றது, அம்மக்கள் அதில் நடப்பதற்கே தடை இருந்த காலத்தில்தான். வழியே மறுக்கப்பட்ட ஊரில் மைதானம் யாருக்குரியதாக இருந்திருக்கும் என்பது வெளிப்படை. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு ஆடப்படும் ஆட்டம், பயன் கருதாததாயினும், பிரம்ம சூத்திரம் எழுப்பிய பாரபட்சக் குற்றத்துக்கு உள்ளாகிறது.

குழந்தையின் ஓய்வையும் விளையாட்டையும் 31-ஆம் பிரிவில் உரிமையாக ஏற்கும் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. அவ்வுரிமையை நடைமுறையாக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கோயில் நிர்வாகத்தாரும் திருச்சபையாரும் கிராமப் பஞ்சாயத்தும் தத்தம் வெளிகளின் வாயிலை மேட மாத மாலைகளில் எவ்வீட்டுப் பிள்ளைக்கும் திறந்துவைத்து, பயிற்சியாளரையும் பரிசுக் கோப்பையையும் அனுப்பாமல் இருந்தாலே போதும்.