அழிக்கும் அதிகாரம் உன்னுடையது!

டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டது என்று சர்வர் அலறுகிறது. மேலாளர் போன்மேல் போன் போடுகிறார். ஏஐ ஏஜென்ட்டோ அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறது: "பழைய வர்ச்சுவல் மெஷின் இமேஜ் ஃபைல்கள் ஆறு இருக்கின்றன. அழித்தால் 400 ஜிபி கிடைக்கும். அழிக்கட்டுமா?"

என்டர் மேல் இருக்கும் உன் விரல் நடுங்குகிறதா? நடுங்கட்டும்! அதைக் கோழைத்தனம் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. தொழில் தெரிந்த கை அப்படித்தான் தயங்கும். லினக்ஸின் ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். இது தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டுகிறவனுக்கு இருப்பது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

நிமிர்ந்து உட்கார். "எதை வைத்துப் பழையது என்கிறாய்?" என்று ஏஜென்ட்டை மடக்கிக் கேள்.

"கடைசியாக மாற்றிய தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது" என்று பதில் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் லினக்ஸின் வர்ச்சுவல் மெஷின் தளமான கேவிஎம்மில் ஒரே பேஸ் இமேஜை வைத்து அதன்மேல் பத்து மெஷின்களை எழுப்புவது அன்றாட வழக்கம். ஒவ்வொரு மெஷினும் தன் மாற்றங்களைத் தன் ஓவர்லே ஃபைலில்தான் எழுதும். பேஸ் இமேஜைப் படிக்குமே தவிர, அதில் ஒரு எழுத்துகூடச் சேர்க்காது. அதனால்தான் அதன் தேதி பழையதாகவே நிற்கிறது. அஸ்திவாரத்தை யார் வருடா வருடம் வெள்ளையடிக்கிறார்கள்? சீந்துவாரில்லை என்று அதை அழித்தால் பத்து மெஷினும் சேர்ந்து சாயும். இன்னொன்றும் கேள்: தன்மேல் யார் நிற்கிறார்கள் என்று பேஸ் இமேஜுக்கே தெரியாது. ஒவ்வொரு ஓவர்லேயிடமும்தான் 'நீ எதன்மேல் நிற்கிறாய்' என்று விசாரிக்க வேண்டும். கியூஇமு-ஐஎம்ஜி கருவியின் இன்ஃபோ கட்டளையில் 'பேக்கிங்-செயின்' சேர்த்தால் அந்தச் சங்கிலி அப்படியே விரியும். பத்து ஃபைலோ, நூறு ஃபைலோ, சலிக்காமல் ஓட்டிப் பார்த்துப் பட்டியல் போட ஏஜென்ட்டுக்குத் தெரியும். போடச் சொல்ல உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

அடுத்து, மெஷின்களையும் எண்ணிப் பார். விர்ஷ் லிஸ்ட் என்ற கட்டளையை மட்டும் அடித்தால் ஓடுகிற மெஷின்கள்தான் வரும். 'ஆல்' சேர்த்தால்தான் நிறுத்தி வைத்தவையும் தெரியும். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு மட்டும் எழுப்புகிற மெஷின் ஜூலையில் தூங்கத்தான் செய்யும். அதற்காகச் செத்துப்போனது என்று புதைத்துவிடுவாயா? போதாக்குறைக்கு, எல்எஸ் கட்டளை 100 ஜிபி என்று காட்டும் ஃபைல் டிஸ்க்கில் உண்மையில் 8 ஜிபிதான் பிடித்திருக்கலாம். டியூ கட்டளை போட்டுப் பார்த்தபிறகு 400 ஜிபிக் கனவு காண்.

"அழிக்காதே என்று ஏஜென்ட்டிடம் சொல்லி வைத்திருக்கிறேனே" என்கிறாயா? 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற கோடிங் தளத்தின் ஏஜென்ட்டிடம் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கினும் எதையும் மாற்றாதே என்று சொல்லித்தான் வைத்திருந்தார். அது அவருடைய நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸையே அழித்தது. மீட்க முடியாது என்றும் கைவிரித்தது. ஆனால் மீட்க முடிந்தது! சரியையும் தவறையும் ஒரே தன்னம்பிக்கைக் குரலில் பேசும் இயந்திரம் அது. அதன் குரலுக்கு மயங்காதே, அதன் கையைக் கட்டு. இமேஜ் ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கினால் போதும் என்று எண்ணாதே. லினக்ஸில் அழிக்கும் உரிமை ஃபைலில் இல்லை, அது இருக்கும் டைரக்டரியில் இருக்கிறது. ஆகவே அந்த டைரக்டரியில் எழுதும் அனுமதியே இல்லாத பயனராக ஏஜென்ட்டை ஓட விடு. அது தேடட்டும், ஒப்பிடட்டும், பரிந்துரைக்கட்டும். வெட்டுவது நீ!

இவ்வளவுக்குப் பிறகும் கை தவறலாம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் இமேஜை அழித்துவிட்டாயா? பதறி மெஷினை நிறுத்திவிடாதே. அது ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை டேட்டா டிஸ்க்கில் உயிரோடுதான் இருக்கிறது. லினக்ஸின் ப்ராக் டைரக்டரி வழியாக நகலெடுக்க வழி உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அந்த நிறுவனம் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. உலகம் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பாடம் படித்தது. தவறு செய்த கையாலேயே மீட்கவும் முடியும், தோழா!

இன்றைக்கே உன் சர்வரில் உட்கார். ஏஜென்ட்டுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடு. எந்த மெஷின் எந்த ஃபைலில் நிற்கிறது என்று முழுப் பட்டியலை வாங்கு. ஒவ்வொரு வரியையும் உன் கண்ணாலேயே சரிபார். பேக்கப்பிலிருந்து ஒரு மெஷினை நிஜமாகவே எழுப்பிப் பார். பிறகு அந்த என்டரை அடி, ஓங்கி அடி!