தலைச்சூலும் பழிச்சொல்லும்

35 வயதிலோ அதன் பின்போ முதன்முறை கருவுறுபவளை ‘முதிய தலைச்சூலி’ எனப் பன்னாட்டு மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு 1958இல் வகுத்தது. மருத்துவர்க்கு அது எச்சரிக்கை. நம் இல்லங்களிலோ ஏச்சு.

அபாயத்தை நாம் மறுக்கவில்லை. இரத்தக் கொதிப்பும் கர்ப்பகால நீரிழிவும் அறுவைப் பேறும் வயதோடு மிகுகின்றன. டவுன் குறைபாடு 25 வயதுத் தாய்மார்க்கு ஏறத்தாழ 1,250 பேறுகளில் ஒன்று. 40 வயதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. எஞ்சிய தொண்ணூற்றொன்பதை எவரும் எண்ணுவதில்லை!

அன்னை ஸாரா (அலை) அவர்கள் முதுமையில் தலைமகவு ஈன்றதை நற்செய்தியாக ஓதுகிறோம். கைக்கூலி பேசியே ஒரு பெண்ணின் நிக்காஹைப் பத்தாண்டு தள்ளிவிட்டு, பிறகு அவள் வயதைக் குத்திக்காட்டுவது எந்த நீதி?

கருவுற்றவளை மூன்றாம் மாதத்திற்குள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கட்டும். அவள் வயதை அங்கே சொன்னால் போதும்.